துடக்கோடு பார்த்த செரிப்பூ

ரொறன்ரோவில் செரிப்பூ இல்லாமலில்லை. பனி ஓய்ந்த பிறகு ஹைபார்க்கில் ஒரு கிழமை பூக்கிறது. ஒரு சனிக்கிழமை மோர்னிங்சைட்டிலிருந்து புறப்பட்டுப் போய், கார் நிறுத்த இடம் தேடியே பாதி நாளைச் செலவழித்து, பூக்களைவிடத் தலைகளை அதிகமாகப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். "செரிப்பூ கண்டாச்சு" என்று என் கணவர் அன்றைக்கே அந்த அலுவலை முடித்துவிட்டார்.

எனக்கு அது முடியவில்லை. ஸ்காபரோவின் கிளை நூலகமொன்றில் இருபத்தாறு வருடங்கள் புத்தகம் அடுக்கியவள் நான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில், யாரோ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன படப்புத்தகமொன்றில், ஜப்பானில் ஒரு மலையடிவாரக் கோயிலின் முற்றத்தில் நிற்கும் செரிமரத்தைக் கண்டேன். கிளைகள் நிலம்வரை தொங்கின. விழுந்துகொண்டிருந்த அருவியொன்று யாரோ கூப்பிட்டதால் நின்றுவிட்டதுபோல் இருந்தது. அதன் பிறகு ஜப்பானைப் பற்றி எங்கள் நூலகத்தில் இருந்த எல்லாவற்றையும் வாசித்தேன். தேநீர்க் கிண்ணத்தை எந்தக் கையால் திருப்பவேண்டும் என்பது எனக்குத் தெரியும். பனி மூடிய மலையை எத்தனை விதமாக வரைந்தார்கள் என்பதும் தெரியும். இவ்வளவும் தெரிந்த ஒருத்தி அங்கே போய் நடந்துகொண்ட விதத்தை மற்றவர்கள் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிடுவது உத்தமம்.

என் கணவருக்கு எழுபத்தொரு வயது. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்தவர். இப்போது எங்கள் கோயிலின் நிருவாக சபையில் இருக்கிறார். தேர்வடத்தை எந்தக் களஞ்சிய அறையில் வைப்பது என்பது முதல் யாருக்குத் துடக்கு எத்தனை நாள் என்பது வரை அவரிடம்தான் கேட்பார்கள். குடும்பத்தில் ஒரு சாவு நிகழ்ந்தால், பங்காளிகளாகிய ஆண்வழி உறவினர் முப்பத்தொரு நாள் கோயில் வாசலை மிதிப்பதில்லை. அதுதான் துடக்கு. எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது என்று நாற்பது வருடமாகச் சொல்லிவருகிறேன். அவரும் நாற்பது வருடமாக, "ஓமோம், நீர் வாசிச்ச மனிசி" என்று விட்டுவிடுவார்.

எங்கள் மகள் மைதிலி மார்க்கம் நகரில் இருக்கிறாள். அவள்தான் இந்தப் பயணத்தை எங்கள்மேல் திணித்தவள். விமானநிலையத்தில் என் கைப்பையில் ஒரு சிறிய வைஃபை பெட்டியை வைத்து, "அம்மா, இதை ஒன் பண்ணி வைச்சாத்தான் அப்பான்ரை ஃபோன் வேலைசெய்யும். டோன்ற் லூஸ் இற்" என்றாள். அந்தச் சவர்க்காரக் கட்டியளவு பெட்டியில்தான் நான் பின்னர் செய்யப்போகும் பாவம் முழுவதும் அடங்கியிருந்தது.

முதல் இரண்டு நாட்களும் டோக்கியோ. பூங்காவில் மரங்களின் கீழே நீலத் தறப்பாளை விரித்து, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து உண்டார்கள். தறப்பாளின் ஓரத்தில் எல்லாருடைய சப்பாத்துகளும் வெளிப்பக்கம் பார்க்க வரிசையாக நின்றன. இவர் பூவைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சப்பாத்துகளைப் பார்த்தார். "எங்கடை கோயில் வாசலிலை ஒருநாள் இவையளைக் கொண்டுவந்து விடவேணும்" என்றார். பிறகு அந்த வரிசையைப் படம் எடுத்து, யாழ்ப்பாணத்தில் இருக்கும் ராசு அண்ணைக்கு அனுப்பினார்.

ராசு அண்ணை இவருடைய பெரியப்பாவின் மூத்த மகன். எண்பத்திரண்டு வயது. இருவரும் ஞாயிறு தவறாமல் பேசுவார்கள். பேச்சென்று சொல்வதும் தவறு. வெறும் வயிற்றில் சீனி எவ்வளவு என்று இருவரும் இலக்கங்களைச் சொல்லிக்கொள்வார்கள். குறைந்தவர் வென்றவர். அதன் பிறகு, தோற்றவர் மற்றவரின் மெசின் பழுதென்பார். இது முப்பது நிமிடம் போகும். படத்துக்கு ராசு அண்ணையிடமிருந்து உடனே குரற்பதிவு வந்தது: "டேய், மரத்தைப் பாக்கப் போனியோ, செருப்புக்குக் காவல் நிக்கப் போனியோ?"

அதுதான் அவருடைய குரலை நாங்கள் கடைசியாகக் கேட்டது.

வியாழன் காலை கியோத்தோவில் விடிந்தது. விடுதியின் உணவுக்கூடத்தில் சோறும், ஒரு கிண்ணத்தில் பச்சை முட்டையும் வைத்திருந்தார்கள். முட்டையைச் சோற்றின்மேல் உடைத்து ஊற்றவேண்டும் என்று நான் வாசித்திருந்தேன். இவர் அதை அவித்த முட்டை என்று நம்பி மேசை விளிம்பில் தட்டினார். வழிந்து ஓடியதைத் துடைக்கக் கடதாசி எடுத்துவர அவர் எழுந்து போன நேரத்தில், என் தொலைபேசி அதிர்ந்தது. ராசு அண்ணையின் மகன், இவர் சேராத குடும்பக் குழுவில் எழுதியிருந்தான்: "அப்பா நேற்று இரவு மோசம் போயிட்டார். நெஞ்சுநோ. நாளைக்கு எடுக்கிறம்."

இரண்டு முறை வாசித்தேன். இவர் கடதாசியோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். தாடையில் மஞ்சள்கரு ஒட்டியிருந்தது. அன்றைக்குப் போகவிருந்த பௌத்த கோயிலின் தோட்டம் வருடத்தில் சில நாட்கள்தான் அப்படிப் பூக்கும். சனிக்கிழமை என்னுடைய மரம். இவருக்குச் செய்தி தெரிந்தால் ஒரு வாசலையும் மிதிக்கமாட்டார். நாங்கள் பார்க்கவிருந்த பூவெல்லாம் ஏதோவொரு வாசலுக்குள்ளேதான் இருந்தது. இதையெல்லாம் நான் எண்ணிப் பார்த்தேன் என்று சொன்னால் என்னை உயர்த்திச் சொல்வதாகிவிடும். என் கை எனக்கு முன்னால் போய்விட்டது. கைப்பைக்குள் விட்டு அந்தப் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். சின்ன வெளிச்சம் அணைந்தது.

"என்ன, நெற் போயிட்டுது?" என்றார், தொலைபேசியைத் தூக்கிப் பார்த்து.

"பற்றறி இறங்கிப்போச்சு. பிறகு சார்ஜ் போடுவம்."

"ஜப்பான்காரன்ரை சாமானும் இப்பிடியோ" என்று மிகவும் வருந்தினார்.

ரயிலில் போகும்போது எனக்குள் ஒரு வழக்கு நடத்தினேன். துடக்கு என்பது செய்தியைக் கேட்ட பிறகுதான் தொடங்குகிறது. இதை இவரே பலருக்குத் தீர்ப்பாகச் சொல்லியிருக்கிறார். இவர் கேட்கவில்லை. ஆகவே இவருக்குத் துடக்கில்லை. கேட்டவள் நான், எனக்கு நம்பிக்கையில்லை. ஆகவே ஒருவருக்கும் குற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமை எப்படியும் அழைப்பு எடுப்பார், அதற்கு முன்னர் சொல்லிவிடலாம். வழக்கு எனக்குச் சாதகமாக முடிந்தது. நிம்மதியாகக் கோயில் வாசலில் போய் இறங்கினேன்.

பெரிய மரவாசல். அதற்கு அப்பால் படிகள். படிகளுக்கு அப்பால் மெல்லிய இளஞ்சிவப்பில் ஏதோ மூச்சுவிடுவதுபோல் அசைந்தது. நிலைப்படி முழங்கால் உயரம். இவர் தாண்டிவிட்டார். நான் வலது காலைத் தூக்கினேன். கால் வரமறுத்தது. ஆண்டுக்கணக்காக நான் பார்த்துச் சிரித்த துடக்கு அந்த மரக்கட்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது.

"என்ன நிக்கிறீர்? வாருமன்."

"முழங்கால் நோகுது. நீங்கள் போங்கோ. நான் இதிலை இருக்கிறன்."

"இவ்வளவு தூரம் வந்து?"

"வீடியோ எடுத்துக்கொண்டு வாங்கோ."

எடுத்துக்கொண்டு வந்தார். நாற்பது நிமிட வீடியோ. முதற் பதினைந்து நிமிடம் இவருடைய பெருவிரல். பிறகு தரை. பிறகு பூக்கள் தலைகீழாக வந்தன, இவருடைய விளக்கவுரையோடு: "இஞ்சை பாரும், இது ஒரு மரம். இது வேறை மரம். இதுவும் அதே மாதிரித்தான். இந்தக் குளத்திலை மீன் நிக்குது, எங்கடை விளைமீன் அளவு." இருபத்தாறு வருடம் காத்திருந்து, கியோத்தோவின் புகழ்பெற்ற தோட்டத்தை வாசலில் விற்கும் பசைமா உருண்டைகளைத் தின்றபடி, நாலங்குலக் கண்ணாடியில் பார்த்தேன். பூவைப் பார்ப்பதற்காகத்தான் பொய் சொன்னேன். பொய் இருந்தது, பூ இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, துணி தோய்க்கும் மெசின்கள் இருக்கும் அறையில் நின்று பெட்டியை உயிர்ப்பித்தேன். மைதிலியின் அழைப்பு உடனே வந்தது.

"அம்மா, அப்பாட்டைச் சொல்லிட்டியளோ?"

"இன்னும் இல்லை."

"வட்? அம்மா! இண்டைக்கு ஃபியூனரல். லைவ் போடுறாங்கள். அப்பா வில் வோன்ற் டு ஸீ இற்."

"சொல்லுறன் பிள்ளை. மத்தியானம் சாப்பிட்டாப் பிறகு."

"அது உங்கடை முடிவில்லை அம்மா. இற்ஸ் ஹிஸ் பிரதர்."

எனக்கு அந்தச் சொல் கன்னத்தில் பட்டது. இருந்தாலும், "நீ வை, மெசின் நிண்டிட்டுது" என்று அழைப்பைத் துண்டித்து, பெட்டியையும் அணைத்தேன். மெசின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அன்றைக்கு இரண்டு மணிக்குமேல்தான் ஒரு கோட்டைப் பூங்காவுக்குப் புறப்பட்டோம். ஜப்பானில் சில ரயில்கள் பாதி வழியில் இரண்டாகப் பிரியும். முன்பாதி ஓர் ஊருக்கு, பின்பாதி இன்னோர் ஊருக்கு. இதையும் வாசித்திருக்கிறேன். எந்தப் பாதியில் இருக்கிறோம் என்று பார்க்கவேண்டும் என்பதைத்தான் மறந்துவிட்டேன். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, வெள்ளிக்கிழமை என்பதால் இவருக்காக மீனைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தபோது, சன்னலுக்கு வெளியே எங்கள் ரயிலின் மற்றப் பாதி எங்களை விட்டுப் பிரிந்து போவதைக் கண்டேன். அதில் இருந்தவர்கள் எல்லாரும் கமராவோடு இருந்தார்கள். எங்கள் பாதியில் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் வெங்காயத்தாள் வைத்திருந்த ஒரு கிழவியும்.

"விட்பிக்குப் போற ரெயினிலை ஏறி ஹமில்டனுக்குப் போன மாதிரி" என்றார் இவர். கோபப்படவில்லை. ரொறன்ரோவில் ஒருமுறை நான் அப்படியே எதிர்த்திசை ரயிலில் ஏறிப் போயிருக்கிறேன்.

இறங்கிய இடத்தில் நிலையமென்று ஒரு கூரையும் உட்கார ஒரு வாங்கும் இருந்தன. அடுத்த ரயிலுக்கு இரண்டு மணித்தியாலம். சுற்றிவர வயல். வயல் முழுவதும் கடுகுப் பூவின் சகோதரியான ஒரு மஞ்சள் பூ, ரயில் பாதையின் கற்களுக்கிடையிலும் புகுந்து பூத்திருந்தது. வாசல் இல்லை, நிலைப்படி இல்லை. என் கால்கள் எந்தத் தடையுமின்றி நடந்தன.

"முழங்கால் சுகமே?" என்றார்.

"இஞ்சை மட்டமான நிலம்" என்றேன்.

வயலோரம் ஒரு சின்னக் கடை. கடைக்காரி இவரைப் பார்த்து, "இந்தியாவா?" என்று கேட்டாள். "கனடா" என்றார். அவள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்து, கனடா மிகவும் மாறிவிட்டது என்ற முடிவுக்கு வந்தவளாகத் தலையசைத்தாள். செரியிலையை உப்பில் ஊறவைத்துச் சேர்த்த ஐஸ்கிரீம் இரண்டு தந்தாள். இவர் ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி, "உப்புப் போட்ட ஐஸ்கிரீம்! சீனிக்காரனுக்கெண்டே செய்திருக்கிறாங்கள்" என்று சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து, கரைந்தது மணிக்கட்டால் வழிந்து சட்டைக் கைக்குள் போனது. அதைப் பார்த்துக் கடைக்காரியும் சிரித்தாள். திருமணமாகி இத்தனை வருடத்தில் இவர் அப்படிச் சிரித்து நான் சிலதடவைதான் கண்டிருக்கிறேன். "இதை ராசு அண்ணைக்குச் சொல்லவேணும்" என்றார். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது. என் ஐஸ்கிரீமை நான் நக்கிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பிற்பகல், நாரா நகருக்குத் தெற்கே, மலையடிவாரத்திலிருந்த என்னுடைய மரத்தின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆறு, ஆற்றுக்கு மேலே ஒரு சிவப்புப் பாலம், பாலத்துக்கு அருகே நாங்கள் தங்கிய சிறு விடுதி. விடுதியை நடத்திய ஹருக்கோ என்ற பெண்மணிக்கு என் வயதிருக்கும். தொலைபேசியில் மொழிபெயர்ப்புக் குரலை வைத்துப் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அவர் குனிய, நான் குனிய, என் கைப்பையும் குனிந்து தரையில் விழும். மரம் நிற்கும் கோயில் அங்கிருந்து ஐந்து நிமிட நடை. அது பௌத்த கோயில் அல்ல. நாட்டின் பழைய தெய்வங்களுக்கானது.

இவர் குளித்துவிட்டு வெளியே வந்தார். கறுப்புக் கரை வேட்டி, சால்வை, நெற்றி நிறைய விபூதி. ரொறன்ரோவிலிருந்து எனக்குத் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறார்.

"என்ன கோலம் இது?"

"நீர் இத்தனை வருசம் கேட்ட மரம். சும்மா காற்சட்டையோடை போய் நிக்கேலுமே? அதோடை, ராசு அண்ணையின்ரை காலுக்கு ஒரு நேர்த்தி வைக்கப்போறன். புண் மாறேல்லை எண்டவர். எந்தச் சாமியெண்டாலும் கேக்கும்."

செருப்புகளை மாற்றும் படியில் நின்றுகொண்டு சொன்னேன். "ராசு அண்ணை மோசம் போயிட்டார்."

அவர் வேட்டியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"எப்ப?"

"புதன்கிழமை."

"எடுத்தாச்சோ?"

"நேற்று. பகல் ஒரு மணிக்கு."

விரல்களை மடக்கி எண்ணினார். "அங்கத்தை ஒண்டெண்டால் இஞ்சை நாலரை. நாலரைக்கு நாங்கள் எங்கை நிண்டனாங்கள்?"

அவரே கண்டுபிடித்தார். "ஐஸ்கிரீம்" என்றார். படியில் உட்கார்ந்தார். பிறகு, சட்டைக் கையில் இன்னும் ஏதோ ஒட்டியிருப்பதுபோல் மணிக்கட்டைச் சால்வையால் துடைத்தார், மீண்டும் மீண்டும்.

"நெற்றுக்குப் பற்றறி இருந்ததோ?"

"இருந்தது."

"முழங்கால்?"

"அது எனக்குத் துடக்கெண்டு…" என்று தொடங்கினேன். முடிக்க வெட்கமாக இருந்தது.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். எனக்கு அதற்கு விடை தயாராக இருந்தது. வியாழக்கிழமையிலிருந்து அடுக்கி வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. "பெட்டியைப் போடும்" என்று மட்டும் சொன்னார். போட்டேன். அவருடைய தொலைபேசி ஒரு நிமிடம்வரை ஓயாமல் அதிர்ந்தது.

செத்தவீட்டின் பதிவு கிடைத்தது. படியில் அமர்ந்து இருவரும் பார்த்தோம். கொட்டகை, பறை, தேவாரம், வரிசையில் வந்து வாய்க்கரிசி போடும் பெண்கள். கமராவைப் பிடித்தவன் இடையில் யாரையோ, "அண்ணை, கொஞ்சம் விலத்துங்கோ, கனடா பாக்குது" என்று விரட்டினான். கனடா அந்த நேரம் பார்க்கவில்லை. இவர் அதைக் கேட்டு முகத்தைச் சால்வைக்குள் புதைத்தார். அதுவரை எனக்காகவே வெட்கப்பட்டுக்கொண்டிருந்த நான், அப்போதுதான் அவருக்காக அழுதேன்.

தேநீர் கொண்டுவந்த ஹருக்கோ, திரையிலிருந்த சவப்பெட்டியைக் கண்டதும் தட்டைத் தரையில் வைத்து முழந்தாளிட்டார். நெற்றி பாயைத் தொடும்வரை குனிந்தார். யாரென்று கேட்டார். அண்ணன் என்றேன். பெரியப்பாவின் மகன் என்று விளக்கும் எண்ணம் வரவில்லை. பிறகு இவருடைய கோலத்தைப் பார்த்து, கோயிலுக்குப் புறப்பட்டவர்களா என்று கேட்டார். எங்கள் வழக்கத்தில் இனிப் போகமுடியாது என்று தொலைபேசியிடம் சொன்னேன். அது அதை எப்படி மொழிபெயர்த்ததோ, ஹருக்கோ நெஞ்சில் கையை வைத்தார்.

அவருடைய மாமியார் மாசி மாதக் கடைசியில் இறந்துவிட்டாராம். "எங்களுக்கும் ஐம்பது நாள் அந்த வாசலுக்குள் போகக்கூடாது. இந்த வருடம் நான் மரத்துக்குக் கிட்டப் போகவில்லை" என்றது இயந்திரக் குரல். "பௌத்த கோயில் என்றால் பரவாயில்லை. அங்கேதான் இறந்தவர்களுக்குச் செய்யும் சடங்கே நடக்கிறது."

இவர் சால்வையிலிருந்து முகத்தை எடுத்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. ஆனாலும் நிருவாக சபை விழித்துக்கொண்டது.

"பாத்தீரா? இஞ்சையும் துடக்கு இருக்கு! எங்களுக்கு முப்பத்தொண்டு, இவைக்கு ஐம்பது. எங்களிலும் பாக்கக் கடும். இவ்வளவு புத்தகம் வாசிச்சனீர், ஒண்டிலையும் இதை எழுதேல்லையோ?"

எழுதியிருப்பார்கள். பூ உள்ள பக்கங்களைத்தான் நான் புரட்டியிருக்கிறேன். கியோத்தோவில் நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தவமிருந்தது ஒரு பௌத்த கோயில் வாசல் என்பதும் அப்போதுதான் உறைத்தது. இந்த நாட்டு வழக்கப்படி அங்கே தாராளமாகப் போயிருக்கலாம்.

அன்று மாலை அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. ராசு அண்ணையின் மகனோடு பேசினார், மைதிலியோடு பேசினார். "அம்மாவைப் பேசாதை, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று அவளுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. திட்டியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும்.

ஞாயிறு காலை ஹருக்கோ எங்களை அழைத்துக்கொண்டு, கோயில் வீதிக்கு எதிர்த்திசையில், பாலத்தைக் கடந்து, தன்னுடைய முள்ளங்கிப் பாத்திகளுக்கு நடுவால் போனார். மறுகரையில் ஓரிடத்தில் நின்று கையை நீட்டினார். ஆற்றுக்கு அப்பால், கோயிலின் பின்மதிலுக்கு மேலாக, என் மரம் நின்றது.

புத்தகத்தில் இருந்தது முன்பக்கம். இங்கே தெரிந்தது முதுகு. அருவியைக் காணவில்லை. நுனி கவையாகப் பிரிந்த மரத்தூண்கள் பத்துப் பன்னிரண்டு, கோலூன்றிய கூட்டம்போல் கிளைகளைத் தாங்கிக்கொண்டு நின்றன. அடிமரத்தில் யாரோ வைக்கோற்பாய் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அந்தக் கோல்களின்மேல் மரம் தன் பாரத்தையெல்லாம் போட்டுவிட்டு, முன்பக்கமாகப் பூத்துக்கொண்டிருந்தது. மாமியார் இருந்தவரை ஹருக்கோ வருடாவருடம் உள்ளே போய் நின்று பார்த்தாராம். முதுகு இப்படி இருக்கும் என்று இந்த வருடம்தான் அவருக்கும் தெரியவந்ததாம். சொல்லிவிட்டு, எங்களைத் தனியே விட்டு முள்ளங்கி பிடுங்கப் போனார்.

காற்றுக்குக் கொஞ்சம் இதழ்கள் ஆற்றைக் கடக்க முயன்று தண்ணீரில் விழுந்தன. நானும் இவரும் இரண்டடி இடைவெளிவிட்டு நின்றோம்.

"போய்ப் பாருமன்" என்றார் திடீரென்று. "நீர்தானே நம்பாத ஆள். உமக்கொரு தடையுமில்லை. நான் இதிலை நிக்கிறன்."

ஏளனமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏலாது" என்றேன். "நானும் துடக்குக்காரி."

"எப்ப துடக்கம்?"

"வியாழன் காலமை. நீங்கள் முட்டை துடைக்கப் போகேக்கை."

அவர் ஆற்றின் பக்கம் திரும்பினார். "அவர் செத்த பிறகு மூண்டு நாள் எனக்கு உசிரோடை இருந்தவர்" என்றார். "நீர் செய்தது பிழை. நான் மன்னிச்சிட்டன் எண்டு நினையாதையும். ஆனால் அந்த மூண்டு நாளும் நான் அவரோடை மனதுக்கை கதைச்சுக்கொண்டு திரிஞ்சனான். இந்த மீனைச் சொல்லவேணும், அந்த ரெயினைச் சொல்லவேணும் எண்டு. இனி ஆருக்குச் சொல்லுறது?"

"எனக்குச் சொல்லுங்கோ."

"நீர் பக்கத்திலை நிண்டு பாத்த ஆள். உமக்கென்னத்தைச் சொல்லுறது?"

"கியோத்தோத் தோட்டம் நான் பாக்கேல்லைத்தானே" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, மிகவும் சிரமப்பட்டு, அந்தத் தோட்டத்தைச் சொல்லத் தொடங்கினார். வாசலைத் தாண்டினால் படிகள் எத்தனை. குளம் எந்தப் பக்கம். பூ விழுந்த இடத்தைக் கூட்டாமல் விட்டிருந்தார்கள், ஆனால் நடைபாதையை மட்டும் கூட்டியிருந்தார்கள். ஒரு கிழவர் மரத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். வீடியோவில் இதில் ஒன்றுகூட இல்லை. சொல்லி முடிப்பதற்கு நெடுநேரம் எடுத்தது. இடையில் இரண்டு தடவை நிறுத்தி மூக்கைச் சிந்தினார்; இரண்டு தடவையும் நான் மரத்தைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

ஹருக்கோ மண்ணோடு ஒரு கட்டு முள்ளங்கியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். நாங்கள் புறப்பட்டோம். பாத்திகளுக்கு நடுவே இவர் எனக்கு முன்னால் நடந்தவர், ஓரிடத்தில் நின்று திரும்பினார்.

"இஞ்சேரும். இனி ஆர் செத்தாலும் எனக்கு உடனை சொல்லவேணும். பூ, காய் எண்டு பாக்கக்கூடாது."

"சொல்லுறன்."

"நான் செத்தாலும்."

"முதல் உங்களுக்குத்தான் சொல்லுவன்" என்றேன்.